மருந்து தூவிய நெத்திலி

அந்த ஐப்பசி மழையில் திருத்தணி சந்தையில் எல்லாக் கருவாட்டுக் கூடைகளிலும் ஈ மொய்த்தது. கன்னியம்மாளின் கூடையில் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். மொத்த வியாபாரி சிங்காரம் நெத்திலி மூட்டைகள்மேல் வெள்ளைத் தூளைத் தூவுவதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

"இன்னாங்க அது?"

"பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்துதான். புழு வெக்காது. கழுவுனா போயிடும்."

போன மாதம்தான் புழு வைத்த சரக்கைக் குழிதோண்டிப் புதைத்திருந்தாள். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வாராவாரம் பஸ் ஏறி வந்து நெத்திலி வாங்கிப் போவாள் கமலா. தறிக்காரர் கஜபதியின் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி. உடம்பில் ரத்தமில்லை, பால் முட்டைக்கு வழியில்லாவிட்டால் நெத்திலியை முள்ளோடு சாப்பிடு, பிள்ளைக்கு எலும்பு உரமாகும் என்று நர்ஸ் மனோரமா சொல்லியிருந்தாள். கன்னியம்மாள் எப்போதும் ஒரு பிடி கூடுதலாகப் போடுவாள். இந்த முறையும் போட்டாள்.

"நல்லா கழுவிட்டு ஆக்கு" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மனோரமாவே சந்தைக்கு வந்தாள். கமலா வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றாள். "கர்ப்ப ஜன்னின்னு டாக்டரம்மா வைத்தியம் பாத்துகினு இருக்காங்க. கேக்கவே மாட்டேங்குது."

கன்னியம்மாள் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். வராந்தாவில் கஜபதி உட்கார்ந்திருந்தார்.

"நெத்திலிய எப்பிடிங்க சாப்ட்டா?"

"பசி தாங்காம கழுவாமயே அனல்ல வாட்டித் தின்னா."

கன்னியம்மாள் டாக்டர் இருந்த அறையின் கதவைப் பார்த்தாள். சொன்னால் சந்தையில் இனி உட்கார முடியாது. போலீஸ்கூட வரலாம். உள்ளே கட்டில் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"டாக்டரம்மா, அது ஜன்னி இல்லீங்க. நான் வித்த கருவாட்டுல பூச்சி மருந்து கீது. தெரிஞ்சிகினேதான் குட்த்தேன்."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு வைத்தியத்தை மாற்றினார்.

இரண்டு நாள் கழித்துக் கமலா கண் விழித்தாள். வயிற்றில் பிள்ளை அசைந்தது. பிறந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கன்னியம்மாள் கட்டிலருகே போனபோது கமலா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். அவ்வளவுதான்.

கன்னியம்மாள் சிங்காரத்திடம் போய் மீதி மூட்டைகள் எங்கே என்று கேட்டாள். ஆர்.கே.பேட்டைக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் லாரி போய்விட்டது என்றான். கன்னியம்மாள் தன்னிடம் வாங்கிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தாள். சிலர் பொட்டலத்தைத் திருப்பித் தந்தார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா கழுவித்தான் ஆக்குனேன்" என்றாள் தாய், முகம் வெளுத்து.

பிள்ளைகள் தெருவில் இறங்கி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். பொழுது சாயும்வரை கன்னியம்மாள் அந்த வாசலைவிட்டு நகரவில்லை.