குளியலறைக் கதவுக்குப் பின்னால்

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை என்பதால் தெரு முழுக்க அவளை டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால், சில்லறை இல்லை என்று சொல்ல வந்தவன்கூட இன்னொரு தடவை பையைத் துழாவிப் பார்ப்பான். வீட்டிலும் அதே நிமிர்வுதான். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, அச்சகத்தில் வேலைக்குச் சேர்த்து, கல்யாணமும் செய்து வைத்தவள். தன் கல்யாணத்தைப் பற்றி யோசிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. தம்பியும் அவன் மனைவியும் அவளோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். குளியலறை வடிகாலில் ஒரு முடி கிடந்தால் போதும், தம்பி மனைவிக்கு அன்றைக்கு அர்ச்சனைதான்.

அப்படிப்பட்டவளுக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு உபாதை. வயிறு இளகாது. கவுன்ட்டரை விட்டு எழுந்தால் வரிசை கூச்சல் போடும். கழிப்பறையோ நடைமேடையின் கடைசியில், ஆண்கள் நின்று புகை பிடிக்கும் இடத்தைத் தாண்டி. போகவே வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். வந்ததை அடக்கினாள். அடக்கி அடக்கி, கடைசியில் வா என்றாலும் வராமல் போயிற்று. மாத்திரை, பொடி எதற்கும் மசியவில்லை. பக்கத்து மருந்துக்கடையில் கேட்க நாக்கூசி, பஸ் ஏறித் தன்னை யாருக்கும் தெரியாத பகுதிக்குப் போய் ஒரு எனிமா பை வாங்கி வந்தாள். சிவப்பு ரப்பர் பை, நீளக் குழாய், முனையில் சின்ன மூக்கு. கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றும்போது, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு சொந்தக்காரருக்கு என்று அவர் கேட்காமலே சொன்னாள்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் பையில் ஊற்றி, குளியலறைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாள். தரையின் ஈரம் தோளில் ஏறும். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நான் கிடக்கிற கிடையைப் பார் என்று அழுகையாக வரும். பிறகு பையைக் கழுவி, பீரோவில் பழைய துணிகளுக்கு அடியில் ஒளித்து வைப்பாள். முதலில் எப்போதாவது ஒரு தடவை என்றிருந்தது. போகப் போக, அது இல்லாமல் வயிறு அசைய மறுத்தது. ஆள் இருக்கும் நேரம், இல்லாத நேரம் என்று பார்க்கவும் முடியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அச்சக முதலாளி தன் மனைவியோடு திடீரென்று வீட்டுக்கு வந்தார். தம்பிக்குக் கை கால் ஓடவில்லை. நாற்காலி தூக்கினான், மின்விசிறியைப் போட்டான், பெண்டாட்டியைத் தேநீருக்கு விரட்டினான். அக்கா அப்போதுதான் குளியலறையிலிருந்து அவசரமாக வெளியே வந்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்கு எதிரே கம்பீரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். முதலாளியின் மனைவி முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனபோதுதான் அக்காவுக்குக் கொக்கியில் தொங்கும் பை ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய்த் தடுக்கவா முடியும்?

அந்த அம்மாள் வெள்ளந்தி. மனதில் பட்டதை வாயால் சொல்லிவிடுகிற ரகம். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"யாருக்கும்மா வயித்துக்குப் போகல? எனிமா பை ஈரமா தொங்குதே. நல்லாக் காய வெச்சுல்ல எடுத்து வைக்கணும்."

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அக்காவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

தேநீர்த் தட்டோடு வந்து நின்ற தம்பி மனைவி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தட்டை மேஜையில் வைத்தாள்.

"எனக்குத்தாங்க" என்றாள்.

"இதுல என்னம்மா வெக்கம்? எங்க வீட்டுல இவருக்கே..." என்று அந்த அம்மாள் தொடங்க, முதலாளிக்குத் தேநீர் புரையேறியது. அதோடு பேச்சு அச்சுக் காகிதத்தின் தட்டுப்பாட்டுக்குத் தாவியது.

அவர்கள் போனதும் தம்பி சமையலறையில் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டான். என் மானம் கப்பல் ஏறிவிட்டது, நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன், அறிவில்லையா என்று அடுக்கினான். சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். இரண்டு எட்டு வைத்தால் சமையலறை. போகவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வெளியே வந்தவள் அக்காவைக் குத்திக்காட்டும்படி ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அதுதான் நெருஞ்சி முள்ளாய்க் குத்தியது. அசிங்கம் வயிற்றில் மட்டும் இருந்த வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடிந்தது, இப்போது எதை ஊற்றுவது என்று அன்றிரவு முழுக்க அக்கா புரண்டு புரண்டு படுத்தாள்.

மறுநாளே பையைக் காகிதத்தில் சுற்றி, நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். இனி செத்தாலும் தொடுவதில்லை என்று வைராக்கியம். வைராக்கியம் வயிற்றுக்குத் தெரியுமா? நாளுக்கு நாள் கல்லாய்க் கட்டியது. சோறு இறங்கவில்லை. ஒரு நாள் கவுன்ட்டரில் வியர்த்துக் கொட்டி, வடக்கே போகிறவருக்குத் தெற்கே போகும் டிக்கெட்டைக் கொடுத்தாள். அவர் சத்தம் போட, எழுந்தவளுக்கு நிமிரவே முடியவில்லை. பக்கத்துக் கவுன்ட்டர்காரர் ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தார்.

கதவைத் திறந்த தம்பி மனைவி பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"பை எங்க அண்ணி?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பஸ் எல்லாம் ஏறவில்லை. தெருக்கோடியில், எல்லோரையும் தெரிந்த அதே மருந்துக்கடையில் வாங்கி வந்தாள். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, தனக்குத்தான் என்றே சொன்னாளாம்.

தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொல்லிப் பார்த்தாள். ஆனால் குனியவே முடியவில்லை. தம்பி மனைவி தரையில் பழைய போர்வையை விரித்தாள். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். குழாயின் மூக்கில் எண்ணெய் தடவினாள்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. முழங்காலை மடக்கிக்கங்க."

"நீ பாக்காதம்மா. எனக்கு உசுரே போகுது."

"நான் உங்க மூஞ்சியைப் பாக்கல அண்ணி. குழாயைத்தான் பாக்கறேன். மூச்சை மெதுவா விடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா சுவரைப் பார்த்தாள். வடிகாலில் ஒரு முடிகூட இல்லை. எத்தனை நாள் இந்தப் பெண்ணை இந்த இடத்தில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது முகம் தீயாய்க் காந்தியது.

எல்லாம் முடிந்து, உடம்பு பஞ்சாய் லேசாகிக் கட்டிலில் கிடந்தபோது கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் உனக்குன்னு சொன்னே?"

"உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு" என்றாள் அவள். "பாக்க முடியல."

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். கை கழுவப் போனவன், கொக்கியில் காயும் புதுப் பையைப் பார்த்துவிட்டு, பட்டும் புத்தி வரவில்லையா என்று பெண்டாட்டியைப் பார்த்து ஆரம்பித்தான். அக்கா கட்டிலிலிருந்து எழுந்து வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளைத் திட்டாதே. அது என்னோடது. அன்னைக்குத் தொங்கினதும் என்னோடதுதான்."

தம்பிக்கு முகம் காது மடல் வரைக்கும் சிவந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

"எப்படிடா சொல்றது?" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. அவள் அழுது தம்பி பார்த்ததே இல்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவன் கையிலிருந்த துண்டையே மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

மறுநாள் தம்பி மனைவி அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் நன்றாகக் கடிந்துகொண்டார். இத்தனை நாள் வராமல் இருந்தது தப்பு, எனிமாவையே பழக்கமாக்கிக்கொண்டது அதைவிடத் தப்பு, தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது என்றார். மருந்தும் எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. புதுப் பை பழையது மாதிரி பீரோவுக்குள் ஒளியவில்லை.

ஆனால் கூச்சம் அவ்வளவு சீக்கிரம் இளகவில்லை. அக்காவும் தம்பியும் பல நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காலையில் அவள் குளியலறைக்குள் போனதும் அவன் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். அக்காவுக்கு நல்லது செய்வதாக அவனுக்கு நினைப்பு. அவளுக்கோ, விஷயத்தைத் தெருவுக்கே தண்டோரா போடுவதுபோல உடம்பு கூசும். நிறுத்து என்று சொல்லவும் வாய் வராது.

ஒரு நாள் காலை ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. வெளியே தம்பி மனைவியின் குரல் கேட்டது.

"அவங்க உள்ள போறது என்ன ஊர்கோலமா? இதுக்கு எதுக்குங்க பாட்டுக் கச்சேரி?"

உள்ளே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று அதற்கும் வெட்கப்பட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.