கார்டுக்கு ஒரு வரி

ஃபிரெட்ரிக் எழுந்தான். கைப்பம்பில் தண்ணீர் அடித்து வைத்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். காபி குடித்தான். கொடியில் கைக்கு வந்த சட்டையைப் போட்டான். மூன்றாவது பட்டன் இல்லாத அந்த நீலச் சட்டை. அந்த இடத்தில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு கதவைத் திறந்தான்.

வாசலில் மாமியார் ஆரோக்கியமேரி நின்றிருந்தார். சாந்தோமில் காலைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். அவன் மனைவி சான்ட்ரா இறந்து, வருகிற ஞாயிறோடு ஒரு வருஷம். நினைவுப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவள் படம் போட்ட கார்டு அச்சாகிறது. படத்துக்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்னது வரவேண்டும்.

"பிரஸ்காரர் சாயங்காலத்துக்குள்ள கேக்குறார் மாப்ள. யேசுவேன்னாவது சொல்லியிருப்பாளே?"

ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போகும் வழியில் தண்ணீர் லாரி இடித்தபின் சான்ட்ரா கண்ணே திறக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

"போன் பண்றேன் அத்தே" என்றான். எதையாவது சொல்லிவிடலாம். யார் வந்து மறுக்கப்போகிறார்கள்? அடையாறு வரும்வரை பஸ்ஸில் நல்ல வாக்கியமாக இரண்டு மூன்று சேர்த்துப் பார்த்தான்.

ஆய்வுக்கூடத்தில், அவனோடு ஆராய்ச்சி செய்யும் ஹபீபுர் ரஹ்மான் பழைய மில்லிங் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எஃகுத் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் உருக்காமல் ஒட்டவேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் சுழலும் முளையை அழுத்தி ஓட்டினால், உரசும் சூட்டில் அலுமினியம் களிபோல் குழைந்து எஃகைப் பற்றிக்கொள்ளும். மாதக்கணக்காக முளையை எஃகுக்குள் ஆழ இறக்கி மெதுவாக ஓட்டினார்கள். நன்றாகக் கலந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நம்பினார்கள். இழுத்தால் பிஸ்கட்போல் விண்டுபோனது. சூடு ஏற ஏற, இரண்டும் கலந்த படலம் ஒன்று நடுவில் தடித்துக்கொண்டே போயிற்று. எஃகுமில்லை, அலுமினியமுமில்லை, வெறும் நொறுங்கல்.

இன்று முளையை அலுமினியத்தின் பக்கமே ஓட்டினார்கள். எஃகின் விளிம்பை அது உரசியதோடு சரி.

"ஸ்டீலையும் அலுமினியத்தையும் ஒட்டிக்கினு கீறே, ஒரு பட்டன் தெச்சுக்க மாட்டியா மச்சி?" என்றான் ஹபீப். "கழட்டிக் குடு, நான் தெக்கிறேன்."

"வேணாம்."

ஒட்டியதில் ஒரு துண்டை வெட்டி இழுவை இயந்திரத்தில் மாட்டினார்கள். இழுவிசை காட்டும் முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி ஏறியது. டப்பென்று ஒரு சத்தம்.

"நைனா! அலுமினியந்தான் கிழிஞ்சிருக்கு. ஒட்டின எடம் அப்படியே கீது!"

ஃபிரெட்ரிக் நுண்ணோக்கியில் பார்த்தான். படலம் இருந்தது, இருப்பதே தெரியாத மெலிசில். அவர்கள் கிளறாமல் விட்டதால் பிடித்திருந்தது.

ஹபீப் டீ சொல்லப் போனான். சந்தோஷம் வருமென்று ஃபிரெட்ரிக் கொஞ்சம் காத்திருந்தான். களைப்புதான் வந்தது. கேட்டுக்கு வெளியே டெலிபோன் பூத்துக்குப் போய்க் காசு போட்டான். பஸ்ஸில் சேர்த்த வாக்கியங்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எழுதிக்குங்க அத்தே. அன்னிக்கு அவ ஸ்கூலுக்குக் கிளம்பறப்ப, கதவுகிட்ட நின்னு சொன்னது. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல."

"சொல்லுங்க மாப்ள."

"'பட்டன் விட்டுப்போயிருக்கு பாருங்க. வேற சட்டை போட்டுக்குங்க, சாயங்காலம் வந்து தெச்சுத் தரேன்.'"