இடது பக்க நாற்காலிகள்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் பெரியவளிடம் வாய் கொடுத்துவிட்டு யாரும் தப்ப முடியாது. மற்ற ஆறு நாளும் அவள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற சாதுவான பெண்தான். சனிக்கிழமை மட்டும், சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். அங்கே பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் இருக்கும் ஓர் ஆளைப் பார்த்துப் படம் வரைவார்கள். வரையத் தெரிந்தவர், தெரியாதவர், பென்சிலைச் சீவவே தெரியாதவர், யார் வேண்டுமானாலும் வரலாம். நடுவில் உட்காரவும் யார் வேண்டுமானாலும் வரலாம். எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சட்டையைக் கழற்றிவிட்டுத் தொந்தியைத் தட்டி, "இதுக்கு ஒரு பேப்பர் பத்தாதே" என்று சொல்லிக்கொண்டு கறிக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

'யார் வேண்டுமானாலும்' என்று சொல்வது சுலபம். பெரியவள் அதைப் பட்டுத்தான் கற்றாள். முதல் வருடம் வகுப்பு ஒரு மாடியில் நடந்தது. கீழே வாசலில், 'அனைவரும் வருக' என்று அவளே கொண்டை, வால் எல்லாம் வைத்து அழகழகாகப் பலகை எழுதி மாட்டியிருந்தாள். ஒரு நாள் கீழேயிருந்து ஒரு குரல்: "அனைவரும் வருகன்னு போட்டிருக்கீங்களே, நான் எப்படி வர்றது? பறந்தா?" சக்கர நாற்காலியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் உட்கார்ந்திருந்தார். நடுவே இருபத்திரண்டு படிகள். பெரியவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தாள். பத்தே நாளில், சலவைக் கடைக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய பின்னறையைப் பிடித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை கடிகாரக்காரர்தான் முதல் ஆளாக உள்ளே உருண்டு வந்தார்.

அதன் பிறகு அவள் எதையும் தானாக முடிவு செய்வதில்லை, கேட்டுத்தான் செய்வாள். காது கேட்காத தையல்காரப் பெண்ணுக்காக, நேரம் முடிந்தால் மணி அடிப்பதோடு விளக்கையும் இரண்டு தடவை அணைத்துப் போடுவார்கள். கணக்கு டீச்சருக்குப் பார்வை மங்கல். நடுவில் இருப்பவர் சம்மதித்தால் அவர் இரண்டு முழ தூரத்துக்குள் நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். சுவரில் பெரியவளின் முத்து முத்தான கையெழுத்தில் விதிகள் தொங்கின. போன் எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள். நடுவில் இருப்பவரை யாரும் தொடக் கூடாது. உடம்பைப் பற்றி நல்லதாகவும் பேசக் கூடாது, கெட்டதாகவும் பேசக் கூடாது. எப்படி உட்காருவது, எதை உடுத்துவது, விளக்கை எந்தப் பக்கம் வைப்பது, எல்லாம் அவர் சொல்வதுதான். இந்த விதிகளை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். ஊரில் எத்தனையோ பேர் நல்லது செய்கிறேன் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். கேட்டுச் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் இவள் ஒருத்தி.

இவ்வளவு கெட்டிக்காரி தன் தங்கை விஷயத்தில்தான் கோட்டை விட்டாள்.

சின்னவள் முன்பு ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை பார்த்தவள். நாலு வருடத்துக்கு முன் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து, இடது கன்னத்திலிருந்து கழுத்து, தோள், முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் கதவைச் சாத்திக்கொண்டு தானே மருந்து போட்டுக்கொண்டாள். கூந்தலை இடது பக்கம் இழுத்து விட்டு, மேலே ஒரு துப்பட்டாவும் போட்டுக்கொண்டாள். பெரியவளும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்த்தால் மனசு கஷ்டப்படுவாளே என்றுதான். சாப்பிடும்போதுகூட அவளுக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவாள். ஒரே வீட்டில் நாலு வருடம் இப்படி ஓட்டினார்கள்.

இப்போது சின்னவளுக்கு ஒரு கம்பெனியில் போனில் பதில் சொல்லும் வேலை. குரலைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். திட்டுவதற்காகப் போன் செய்தவன் நன்றி சொல்லிவிட்டு வைப்பான். அதனால்தான் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, புதிதாகச் சேருகிற முப்பது பேருக்குப் பாடம் எடுக்கும் வேலையைத் தருவதாகச் சொன்னார். போனில் இல்லை, நேரில் நின்று. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

சின்னவள் மூன்று நாள் யோசித்தாள். வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இந்தச் சனிக்கிழமை உனக்கு ஆள் இருக்கா, நடுவுல உக்கார?"

"ஏன்? யாரையாவது தெரியுமா?"

"நான் உக்காரறேன்."

பெரியவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"பத்துப் பேர் என்னை நல்லா பாக்கட்டும். அதைத் தாங்க முடிஞ்சா முப்பது பேர் முன்னாடி நிப்பேன். முடியலைன்னா வேண்டாம்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டுப் போனையே பாத்துக்கறேன். அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சியாடி?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் நாலு வருஷம் போச்சு."

சனிக்கிழமை பெரியவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். நடுவில் ஸ்டூல். பிறகு நிற்கும் விளக்கைத் தூக்கி ஸ்டூலுக்கு வலது பக்கம் வைத்தாள். இடது பக்க ஜன்னலின் திரையை முழுக்க இழுத்து விட்டாள். வலது பாதி பளிச்சென்று இருந்தது, இடது பாதியில் நிழல் விழுந்தது. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. முதல் நாள்தானே, கொஞ்சம் பழகட்டும், அப்புறம் அவளையே கேட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாசம் வந்தால் சட்டம் பேசுகிறவர்களுக்கும் இப்படித்தான் ஆகும்.

சின்னவள் மறைப்புக்குப் பின்னால் போய்த் துப்பட்டாவை எடுத்தாள். கையில்லாத ரவிக்கை, முடியை அள்ளி உச்சியில் முடிந்த கொண்டை. அப்படியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது அறையில் பென்சில் சீவுகிற சத்தம்கூட நின்றது. பெரியவள் விளக்கின் திருகைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலில் ஒரு நிமிட நிலைகள். கை தூக்கி ஒன்று, குனிந்து ஒன்று, முதுகைக் காட்டி ஒன்று. மணி அடித்து, விளக்கை அணைத்துப் போட்டு, அடுத்தது. சின்னவள் முதல் நிலையில் நடுங்கினாள். நாலாவதில் நடுக்கம் நின்றுவிட்டது. பத்தாவது முடிந்தபோது, "இது இடுப்பை உடைக்கிற வேலையா இருக்கே, கறிக்கடைக்காரர் எப்படித்தான் தாக்குப் பிடிச்சாரோ" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அடுத்தது இருபத்தைந்து நிமிட நிலை. அதற்கு முன் இடைவேளை. பெரியவள் தங்கையின் பாதங்கள் இருந்த இடத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினாள், திரும்பி வந்து அதே இடத்தில் வைப்பதற்காக. சின்னவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது. கணக்கு டீச்சர், "எனக்கு இங்கே ஒண்ணுமே தெரியலை" என்று நாற்காலியை வலது பக்கம் இழுத்துப் போட்டார். தையல்காரப் பெண் இருட்டில் கரிக்கோடு தெரியாமல், நாற்காலியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள். கடிகாரக்காரர் சக்கரத்தை அந்தப் பக்கம் உருட்டினார். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடைசியில் இடது பக்கம் தபால்காரர் மட்டும் மிஞ்சினார். அவரும் தனியாக உட்காரக் கூச்சப்பட்டு, நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றுகொண்டார். யார் மனதிலும் கள்ளம் இல்லை. பெரியவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், என்ன நடக்கிறது என்று அவளுக்கும் உறைக்கவில்லை.

சின்னவள் வந்து டேப்புக்குள் பாதங்களை வைத்து உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வலது பக்கம் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இடது பக்கம் இரண்டு காலி நாற்காலிகள், அப்புறம் சுவர்.

அவள் முகம் சுண்டிப்போனது. பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தப் பக்கம் ஏன் ஒருத்தரும் இல்லை?" என்று சின்னவள் கேட்டாள். போனில் பேசுகிற குரல் அது இல்லை.

தபால்காரர் பதறிவிட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. அங்கே வெளிச்சமே இல்லை."

சின்னவள் விளக்கைப் பார்த்தாள். இழுத்து விட்ட திரையைப் பார்த்தாள். சுவரில் தொங்கும் விதிகளைப் பார்த்தாள்.

"லைட்டை யாரு அங்கே வெச்சது?"

"நான்தான்" என்றாள் பெரியவள்.

"என்னைக் கேட்டியா?"

"இல்லை."

"வயித்துப் பிள்ளையோட வந்தவங்களைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"கறிக்கடைக்காரரை?"

"கேட்டேன்."

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் கேப்பே. என்னை மட்டும் கேக்க மாட்டே."

பெரியவளுக்குப் பத்துப் பேருக்கு முன்னால் அவமானப்பட்டது பெரிதாகத் தெரியவில்லை. இவள் இப்போது எழுந்து, துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டால் திங்கட்கிழமை என்ன பதில் சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, பெரியவள்தான்.

சின்னவள் எழுந்துதான் விட்டாள். ஆனால் மறைப்புப் பக்கம் போகவில்லை. நேரே விளக்கிடம் போய், அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். வயர் தரையில் இழுபட, ஸ்டூலுக்கு இடது பக்கம் கொண்டுவந்து நட்டாள். திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். வெந்த கன்னத்திலும் கழுத்திலும் தோளிலும் வெளிச்சம் கொட்டியது.

"இப்போ தெரியுதா?"

"நல்லா தெரியுது" என்றார் தபால்காரர்.

"அப்போ வாங்க."

நாற்காலிகள் கீச்சுக் கீச்சென்று நகர்ந்தன. "யாராவது அந்த வயரைத் தூக்குங்கப்பா, என் வண்டி ஏறி மின்சாரமே போயிடப் போகுது" என்று கடிகாரக்காரர் கத்தினார். கணக்கு டீச்சர், "ரொம்பக் கிட்ட வரலாமாம்மா?" என்று கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு இரண்டு முழ தூரத்தில் நாற்காலியைப் போட்டார். இவளுடைய துணிச்சலை என்னவென்று சொல்வது! நாலு வருடம் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்த பெண், பத்துப் பேரை நாற்காலியோடு தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

"நீயும் உக்காரு" என்றாள் அக்காவிடம்.

"நேரம் யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்" என்றார் கடிகாரக்காரர். "அதுதானே என் பொழப்பு."

பெரியவள் அட்டையும் தாளும் எடுத்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த அறைக்கு வந்ததிலிருந்து அவள் மணி அடித்தாளே தவிர ஒரு கோடு போட்டதில்லை. நிமிர்ந்து பார்க்க முடியாமல், மனதில் இருந்த முகத்தை வைத்தே மூக்கைப் போட்டாள். அது பழைய மூக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்து மூக்கு. அதற்கு மேல் மனதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்த்தாள். கன்னத்தில் தோல் இறுகி, மினுமினுப்பாக, கழுத்தை நோக்கி வரிவரியாக இறங்கியது. வரிகளைப் போட்டாள். அவை மேலே எங்கே போய் முடிகின்றன என்று தேடிப் போனாள். காதில் முடிந்தன. காதின் மேல் மடல் இருந்தது. நடுவில் குழி இருந்தது. கீழே, கம்மல் போடுகிற இடத்தில், ஒன்றுமே இல்லை. சதை உருகிக் கழுத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

பெரியவளின் கை நின்றுவிட்டது.

நாலு பிறந்தநாள். நாலு தடவையும் கம்மல்தான் வாங்கிக் கொடுத்தாள், கல் வைத்தது, தொங்குவது, வளையம், போன மாதம் முத்து. கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினாள். நாலு தடவையும் சின்னவள் பெட்டியைத் திறந்து பார்த்து, "அழகா இருக்குக்கா" என்று சொல்லி அலமாரியில் வைத்துக்கொண்டாள். ஆபீசைத் தவிர வெளியே எங்கும் போகாததால் போட்டுக்கொள்வதில்லை என்று இவள் நினைத்திருந்தாள். ஒரு தடவை, ஏன் போடவே மாட்டேன் என்கிறாய் என்று கோபித்துக்கொண்டதுகூட உண்டு.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியாது, நிலையில் இருப்பவரோடு பேசக் கூடாது என்பது அவளே எழுதிய விதி. சின்னவளும் அசைய முடியாது. கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா எதைப் பார்த்து அழுகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. பெரியவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பென்சிலை எடுத்தாள். மிச்ச நேரம் முழுக்க அந்தக் காதை மட்டுமே வரைந்தாள். மடலை, குழியை, கீழே ஒட்டிப்போன இடத்தை, ஒரு மடிப்பு விடாமல் பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

"நேரம் முடிஞ்சுது" என்றார் கடிகாரக்காரர். விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது.

சின்னவள் கழுத்தைத் தடவிக்கொண்டு இறங்கினாள். துப்பட்டாவைத் தேடாமல் நேரே அக்காவிடம் வந்தாள்.

"எனக்குத் தெரியாதுடி" என்றாள் பெரியவள். "சத்தியமா தெரியாது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீயே ஒரு நாள் பாப்பேன்னு நெனச்சேன்."

கையை நீட்டினாள் சின்னவள். "காட்டு."

தாள் அங்கங்கே நனைந்து சுருங்கியிருந்தது. சின்னவள் அதை விளக்குக்கு அருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்கு என்னோடது இல்லை" என்றாள். "காது என்னோடதுதான்."

தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "திங்கக்கிழமை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்."