முன்பக்கக் கோட்டு

மாமா கோட்டின் முதுகைக் கழுத்துப் பட்டியிலிருந்து கீழ்வரை கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். உசத்தியான துணி. லேசில் வெட்டுப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

"என்ன மாமா பண்றீங்க?" என்றாள் பாப்பு.

"உங்கப்பாவுக்குத் தோள் அகண்டுபோச்சு. கை நுழைய மாட்டேங்குது. பின்னால வெட்டிட்டா முன்னால வச்சு சொருகிடலாம். படுத்திருக்கிற மனுஷனோட முதுகை யாரு திருப்பிப் பாக்கப் போறா?"

வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, வேறு ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். ஆனாலும் இந்த வீட்டில் அவள் இன்னும் பாப்புதான். பாப்பு சொன்னால் யார் கேட்பார்கள்? கட்டிலில் அப்பாவின் உடம்பு கிடந்தது. அதைப் பார்க்க முடிந்தது. அந்தக் கத்தரிக்கோல் போகிற சத்தத்தைத்தான் கேட்க முடியவில்லை.

"அப்பாவுக்கு நீலச் சட்டை போடலாம்மா" என்றாள் அம்மாவிடம். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பேர் வர்ற இடத்துல சாக்கடைச் சட்டையா?" என்று மாமாதான் பதில் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பை முறுக்கினாள். "மாமா சொல்றபடி விடு பாப்பு. ஒரு நாள்தானே."

"கடைசி நாள்மா."



அந்தக் கோட்டை அப்பா கடைசியாகப் போட்டுக்கொண்டது கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று. கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தானே திறந்து கொடுத்துவிட்டு, உங்கள் பதவி இனி இல்லை என்றாராம். "மூடியைத் திறந்து குடுத்தான் பாரு, அந்த மரியாதையைத்தான் தாங்க முடியல" என்று அப்பா பிறகு சொல்லிச் சிரிப்பார். அந்த அதிகாரிக்கு மனிதவளம் என்று பெயரும் வைத்தார். ஆனால் அந்த வருஷம் முழுக்க அவர் சிரிக்கவில்லை. குளித்து, சட்டை மாட்டி, கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் குடியிருப்பின் சாக்கடை அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க வந்தவருக்குத் துணைக்கு ஆள் இல்லை. அப்பா சும்மா டார்ச் பிடிக்கப் போனார். சாயங்காலம் முழங்கை வரை கறுப்பாகத் திரும்பி வந்து, தட்டில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். மறுநாள் காலையில் அவரே அந்த ஆளைத் தேடிப் போனார். அந்த ஆளுக்கு ஊரெல்லாம் ஸ்பேனர் என்றுதான் பெயர். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். குழாய்க்குள் விட்டுப் பார்க்க ஒரு கேமரா, அடைப்பெடுக்கக் கைப்பிடி வைத்த நீளமான சுருள் கம்பி, ஒரே மாதிரி நீலச் சட்டை.

"ஆபீஸ்ல ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டா ஒரு மெயில் போகும்" என்பார் பாப்புவிடம். "இங்க தண்ணி போகுது. கண்ணால பாக்குறேன்."

அவருக்குப் பிடித்திருந்தது. அது ஒன்றுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. நீர் மேலாண்மை ஆலோசகர் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தவர் மாமா. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். அப்பா பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நீலச் சட்டையைத் தெருப் பக்கம் உலர்த்தக்கூடாது. அப்பா மறுபேச்சு பேசியதே இல்லை. "ஆலோசகர் குளிச்சாச்சு, வரலாமா?" என்று கதவருகில் நின்று கேட்பார். நேற்றுக் காலை வண்டியில் கம்பியை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கோட்டு போட்டாயிற்று. கூடத்தில் கிடத்தினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கச்சிதமாகத்தான் இருந்தது. மாமா இரண்டடி பின்னால் போய், கடை பொம்மையைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். பாப்பு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். வெளியே கேட்டருகில், அப்பாவின் வண்டிப் பக்கத்தில், ஸ்பேனர் நின்றிருந்தார். துவைத்த சட்டை. காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் நிக்கச் சொன்னேன்" என்றார் மாமா. "கம்பெனி ஆளுங்க வர்ற நேரம். அப்புறமா வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"அவர் அப்பாவோட பார்ட்னர் மாமா."

"மெதுவாப் பேசு."

கம்பெனி வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம், அதைத் தூக்க இரண்டு பேர், பின்னால் மனிதவளம். வளையம் கதவில் நுழையவில்லை. மாமாவின் மனைவி சுற்றிலும் நீட்டிக்கொண்டிருந்த காம்பையும் இலையையும் ஜரிகையையும் வாசலிலேயே வெட்டிக் கழித்து அதை உள்ளே நுழைத்தாள். வெட்டியதை அள்ளிக்கொண்டுபோய்ச் சமையலறை சிங்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

மனிதவளம் அம்மாவின் முன்னால் கைகட்டி நின்றார். அவர் பூசியிருந்த சென்ட் கூடம் முழுக்க அடித்தது. "சார் எங்க குடும்பத்துல ஒருத்தர். எங்களுக்குத்தான் இழப்பு" என்றார்.

"குடும்பத்துல ஆளைக் குறைப்பாங்களா?" என்றாள் பாப்பு.

மாமா இருமினார். மனிதவளம் கேட்காததுபோல இருந்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. "கடைசி வரைக்கும் ஆலோசகராப் பெரிய இடத்துல இருந்தார்னு கேள்விப்பட்டோம். எங்க பயிற்சிதான் கைகொடுத்திருக்குன்னு பெருமையா இருக்கு. ஒரு போட்டோ எடுத்துக்கலாமாம்மா? ஆபீஸ் குரூப்புக்கு."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா அவசரமாகத் தலையசைத்தார். போனை உயர்த்தி, கோட்டும் வளையமும் சேர்ந்து விழுகிற மாதிரி மனிதவளம் ஒருக்களித்து நின்றபோது பாப்புவுக்கு அந்தப் போனைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது. சீ, இவ்வளவுதானா இவர்கள் என்று இருந்தது.

சமையலறையிலிருந்து ஒரு கொப்பளிப்புச் சத்தம் வந்தது.

சிங்க் நிரம்பி வழிந்தது. தரையிலிருந்த வடிகால் ஓட்டை வழியாகவும் கறுப்புத் தண்ணீர் மேலே ஏறியது. அதில் காப்பித்தூளும் காம்புகளும் மிதந்தன. தண்ணீர் நிதானமாகச் சமையலறை வாசலைத் தாண்டி, அப்பா கிடந்த பக்கம் நகர்ந்தது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மனிதவளம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டினார்.

"யாராச்சும் பிளம்பரைக் கூப்பிடுங்க" என்று மாமா பொதுவாகச் சொன்னார்.

"ஏன், தண்ணி சம்பந்தமாத்தானே அத்தான் ஆலோசகரா இருந்தாரு" என்றாள் ஒரு சித்தி, கள்ளம் இல்லாமல். "அவங்க ஆபீசுக்கு ஒரு போன் போட்டா ஆள் அனுப்ப மாட்டாங்களா?"

பாப்பு தண்ணீரை மிதித்துக்கொண்டு வெளியே போனாள்.

"அண்ணே, உள்ள வாங்க. அடைச்சுக்கிச்சு."

"மாமா இங்கயே நிக்கச் சொன்னாரும்மா."

"இது எங்கப்பா வீடு."

ஸ்பேனர் அப்பாவின் வண்டியிலிருந்து சுருள் கம்பியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கூடத்தில் சமையலறைக்குத் திரும்பாமல் முதலில் அப்பாவின் அருகில் போய் நின்றார். வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் கோட்டு அவர் கண்ணில் பட்டது.

"இதை யாரு அக்கா போட்டுவிட்டது?" என்றார் அம்மாவிடம். குரலில் கோபம் இல்லை. "அண்ணனுக்குக் கழுத்துப் பட்டன் போட்டாலே மூச்சு முட்டும்பாரே."

அம்மாவின் உதடு கோணிற்று. ஆனால் அழவில்லை.

ஸ்பேனர் மண்டி போட்டு உட்கார்ந்து கம்பியை விட்டார். பாப்பு கைப்பிடியைச் சுற்றினாள். லீவுக்கு வந்தபோது அப்பா ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தார். தடைபடுகிற இடத்தில் முரட்டடி அடிக்காமல் திருப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்பேனர் கையை உள்ளே விட்டு இழுத்தபோது வளையத்தின் காம்புகளும் ஈர டிஷ்யூவும் ஒரு கட்டு ஜரிகையும் உருண்டையாக வந்தன. உள்ளே ஒரு நீண்ட ஏப்பம் கேட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

அம்மா சமையலறை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று பாப்பு கவனிக்கவில்லை.

"போகுது" என்றாள் அம்மா.

"போகுதுக்கா" என்றார் ஸ்பேனர். "தரை துடைக்க ஒரு துணி குடுங்க."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய் அப்பாவின் மேல் குனிந்தாள். "ஏய், என்ன பண்ற?" என்றார் மாமா. கோட்டைக் கழற்ற அவள் சிரமப்படவில்லை. அதன் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள், அது அப்படியே முன்னால் வந்துவிட்டது. முதுகு பிளந்திருந்த அதைக் கொண்டுவந்து ஸ்பேனரிடம் நீட்டினாள். கூடத்தில் எல்லாருக்கும் அந்த வெட்டு தெரிந்தது. மனிதவளம் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஸ்பேனர் அதை வாங்கி ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் துணிக்கு அடியில் நழுவி அந்தப் பக்கம் போனது.

"இது உறிஞ்சாதுக்கா" என்றார். "பழைய பனியன் ஏதாவது இருக்கா?"

"இரு, கொண்டு வரேன்."

அவர் கோட்டை மடித்துச் சமையலறை வாசலில் போட்டார். அம்மா அதில் ஈரக் காலை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, தரைக்குப் பனியனையும் அப்பாவுக்கு நீலச் சட்டையையும் எடுத்துவரப் பின்பக்கம் போனாள்.