கோ அண்ட் கம்

வகுப்பில் அவளுக்குப் பெயர் கோ அண்ட் கம். வைத்தது யார் என்கிறீர்கள்? பாடம் சொல்லிக்கொடுக்க வந்த மகராசிதான்.

ஆஸ்பத்திரி உடுப்புத் தைக்கும் தையல்கூடத்தில் அவளுக்கு மேற்பார்வையாளர் வேலை காத்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதத் தெரியும் என்று ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்திரண்டு வயதில், நாளெல்லாம் மெஷின் மிதித்த காலோடு, மாலை வகுப்புக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னாள் மிஸ். இவள் தன் புருஷன் செத்த நாளை எழுதினாள். அன்று காலை இருவருக்கும் சண்டை. தினமும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக் கிளம்புகிற மனுஷன், அன்று 'போறேன்' என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினான். லாரி மோதியது. வரவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் அதை எழுதிவிட்டாள்: எவ்ரி டே ஹி செட் ஐ கோ அண்ட் கம். தட் டே ஹி செட் ஒன்லி கோ.

மிஸ்ஸும் தமிழ்தான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் வாயிலும் அதே சொல்தான் வரும். ஆனாலும் உரக்க வாசித்துச் சிரித்தாள்.

"கோவா, கம்மா? ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணும்மா. வீட்டுப் பேச்சை அப்படியே இங்கிலீஷ்ல கொட்டினா குப்பைதான்."

இருபது பேரும் சிரித்தார்கள். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. நாலைந்து சொல்தான் தப்பியது. ஓரத்தில் திருத்தமும் எழுதினாள்: ஐ ஆம் கோயிங்.

இவள் அழவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தாள். இருடி, உனக்கும் ஒரு நாள் வரும் என்று கறுவிக்கொண்டாள்.

வந்தது. மாணவர்கள் தங்கள் பண்பாட்டை எழுத்தில் கொண்டுவர இடம் கொடுக்க வேண்டும் என்று மேலிடம் புது உத்தரவு போட்டது. பார்வையிட ஓர் அதிகாரியம்மா வருகிறார். அவர் எழுதும் அறிக்கையில்தான் மிஸ்ஸின் வேலை நிரந்தரமாவது இருந்தது. முந்தைய நாள் மிஸ் இவளிடம் வந்து குழைந்தாள்.

"அக்கா, அந்த போயிட்டு வரேன் கட்டுரை இருக்குல்ல? நாளைக்கு அதைப் படிங்க. நான்தான் எழுத வச்சேன்னு சொல்லுங்க. உங்க சர்டிஃபிகேட்டுக்கு நான் பொறுப்பு."

அம்மாவும் போய், ஏகவசனமும் போய், அக்கா வந்துவிட்டது பாருங்கள். "படிக்கிறேன் மிஸ்," என்றாள் இவள், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு.

மறுநாள் அதிகாரியம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இவள் எழுந்து, அந்தப் பக்கத்தில் கோடு விழாத சொற்களையும் ஓரத்தில் மிஸ் எழுதிய திருத்தத்தையும் மட்டும் வாசித்தாள்.

"மை ஹஸ்பண்ட். தட் டே. லாரி. ஐ ஆம் கோயிங்."

"அவ்வளவுதானாம்மா?" என்றார் அதிகாரி.

"மிஸ் விட்டுவச்சது அவ்வளவுதாங்க. மிச்சம் குப்பையாம்."

நடந்துபோய் நோட்டையே அவர் கையில் கொடுத்தாள். அவர் சிவப்புக் கோடுகளுக்கு அடியில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு மிஸ்ஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அறிக்கைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வகுப்பில் இன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அதிகாரி போனதும் மிஸ் அழுதாள். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேக்கா. உங்க சர்டிஃபிகேட்டும் போச்சு, தெரியும்ல?"

தெரியும். இரவெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள். மேற்பார்வையாளர் நாற்காலியை நினைத்தால் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் மனசு குளிர்ந்திருந்தது.

பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். பழக்கதோஷத்தில் 'போயிட்டு' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

"ஐ ஆம் கோயிங், மிஸ். இப்ப சரியா?"