வேண்டாம் என்று சொன்ன சம்பளம்

கையில் மைக் கிடைத்தால் சிலருக்கு வாய்ப்பூட்டு கழன்றுவிடும். தையற்கடை அக்காவுக்கு அதுதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், நகர்மன்றத் தேர்தலின்போது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று பேசினாள். குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் பதறிப்போய், "உறுப்பினர் சம்பளம் எனக்கு வேண்டாம்! ஒரு காசு வாங்க மாட்டேன்!" என்று கத்திவிட்டாள். ரிட்டயர்டு டீச்சர் ஒருவர்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் தெருவே தட்டியது. ஜெயித்தும் விட்டாள்.

கைதட்டல் அன்றோடு தீர்ந்தது. வேலைதான் தீரவில்லை. மெஷினில் துணியை வைத்து மிதிக்க ஆரம்பித்தால் வாசலில் ஒரு தலை எட்டிப்பார்க்கும். "அக்கா, எங்க பக்கம் தண்ணி வரல." கழுத்தில் தொங்கும் டேப்பைக் கழற்றக்கூட மறந்து குடிநீர் அலுவலகத்துக்கு ஓடுவாள். திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். வருடா வருடம் அவளிடம் வந்த பள்ளிச் சீருடை வேலை இந்த வருடம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, "நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நெனச்சோம்" என்றார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கழிவறைக் குழாய்க்காகத்தான் அவள் அந்த வாரம் முழுக்க அலைந்தாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அதிகம் பேசாதவர். போன வாரம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த மாசத்தோட ஒண்ணு கடை, இல்ல கவுன்சில். ரெண்டையும் உன்னால இழுக்க முடியல. வீட்டை என்னால தனியா இழுக்க முடியல." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னார், அதனால் அவர் கழுவிய தட்டை வாங்கித் துடைத்து வைத்தாள்.

இந்த நிலைமையில்தான் மன்றத்தில் உறுப்பினர் சம்பளத்தை உயர்த்தும் தீர்மானம் வந்தது. பழைய சம்பளம் பஸ் செலவுக்கே காணாது. புதியது வந்தால் அரை நாளுக்கு ஒரு தையல்காரப் பெண்ணைக் கடையில் உட்காரவைக்கலாம். கடையும் நிற்கும், கவுன்சிலும் நிற்கும். ஒரே தடை அவள் சொன்ன அந்த வார்த்தை. சரி, எழுந்து நின்று வாபஸ் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தாள். "அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன், இனிமே நானும் வாங்கிக்கிறேன்" என்று கடைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டத்தன்று மன்ற அறையில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. தீர்மானத்தைச் செயலர் வாசித்து முடித்தார். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள். அதற்குள் செயலர் தொண்டையைக் கனைத்தார்.

"மன்னிக்கணும். விதி ஒண்ணு இருக்கு. ஆதாயம் உள்ளவங்க ஓட்டுப் போடுறப்ப அறையில இருக்கக் கூடாது."

அந்த விதியைப் போட்டது இதே மன்றம்தான். மன்ற உறுப்பினரான ஹார்டுவேர் கடைக்காரர் தன் கடையிலிருந்தே தெருவிளக்கு வாங்கத் தானே கைதூக்கிய கூத்துக்குப் பிறகு, எல்லோரும் ரோஷமாக எழுதிய விதி. எழுதிய வேகத்தில், சம்பளம் என்று வந்தால் எல்லோருக்குமே ஆதாயம்தானே என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"அப்போ யாரு போகணும்?" என்றார் தலைவர்.

"எல்லாரும்தான் சார். நீங்களும்."

"எல்லாரும் போயிட்டா யாரு ஓட்டுப் போடுறது?"

செயலர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அக்காதான். அவங்க சம்பளம் வாங்குறதில்லையே. அவங்களுக்கு ஆதாயம் இல்ல. வெளிய போனவங்க கணக்குல வர மாட்டாங்க. உள்ள இருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல சம்மதிச்சாப் போதும்."

"ஒருத்தர்ல பாதிக்கு மேலன்னா?"

"ஒருத்தர்தான் சார்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. நாற்காலிகளைத் தரையில் தேய்த்துத் தள்ளிவிட்டு எல்லோரும் எழுந்தார்கள். போகிற போக்கில் ஹார்டுவேர் கடைக்காரர் அவள் காதருகே குனிந்தார். "சேவைக்குக் கூலியா? நீங்க தியாகி. வேண்டாம்னு சொல்லிடுங்க, ஊரே உங்களைக் கும்பிடும்." அவருக்கென்ன, மூன்று கடை. சம்பளம் இல்லாத மன்றத்தில் கடைசியில் அவரைப் போன்றவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

கடைசியாக எழுந்தவன் பஸ் டிரைவர் தம்பி. அவனும் ஓர் உறுப்பினர். கூட்டம் இருக்கிற நாளெல்லாம் அவனுக்குக் கூலி போகிறது. இது நிறைவேறாவிட்டால் ராஜினாமா என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு போனவன், கதவுக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவளும் செயலரும்.

"நான் ஒண்ணு சொல்லலாம்னு வந்தேன்" என்றாள். "இனிமே எனக்கும் சம்பளம் வேணும்னு."

செயலரின் பேனா நின்றது. "இப்பவா?"

"இப்பத்தான்."

"அப்படின்னா உங்களுக்கும் ஆதாயம் வந்துடும். நீங்களும் வெளிய போகணும். ஓட்டுப் போட ஆளே இருக்காது. தீர்மானம் விழுந்துடும். அடுத்த வருஷ பட்ஜெட்டை இன்னிக்கு முடிக்கிறோம். ஒரு தடவை விழுந்த தீர்மானத்தை இந்த மன்றம் முடியற வரைக்கும் மறுபடி கொண்டுவர முடியாது."

"சரி, இப்பக் கையைத் தூக்கிட்டு நாளைக்கு வந்து சொன்னா?"

செயலர் கதவுப் பக்கம் பார்த்தார். நல்ல மனிதர். "சட்டத்துல தடையில்லக்கா. ஆனா நாளைக்கு வாங்கப் போறவங்க எல்லாரும் இப்ப வெளிய நிக்கிறாங்க, நீங்க மட்டும் உள்ள இருக்கீங்க" என்றார் மெதுவாக.

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கும் வேண்டும் என்றால் யாருக்கும் கிடைக்காது. வேண்டாம் என்றால் தன்னைத் தவிர எல்லோருக்கும் கிடைக்கும். வாங்காமல் வேலை செய்தது நியாயம் என்றால் டிரைவர் தம்பி கேட்பது அநியாயமா? அவன் கேட்பது நியாயம் என்றால் அன்றைக்குப் பெட்டி மேல் நின்று கத்தியது என்ன? எங்கே தொட்டாலும் இடித்தது. தான் நல்லவளா, முட்டாளா, இல்லை இப்போதுதான் கெட்டவளாகிக்கொண்டிருக்கிறாளா என்றே அவளுக்குத் தெரியவில்லை. கதவுக் கண்ணாடியில் டிரைவர் தம்பியின் முகம் அசையாமல் இருந்தது.

கையைத் தூக்கினாள்.

"ஆதரவு ஒன்று" என்று செயலர் எழுதினார். முறை தவறக் கூடாதென்று காலி நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்து, "எதிர்ப்பு?" என்றும் கேட்டார். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. "நிறைவேறியது."

வீட்டில் அவள் கணவர் முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும் தண்ணீர் குடித்தார். "ஊருக்கெல்லாம் கைதூக்கிட்டு நீ வெறுங்கையோட வந்திருக்க."

"நாளைக்கோ நாளன்னிக்கோ ராஜினாமா குடுத்துடறேங்க."

"நல்லது. கடையப் பாரு."

"குடுத்துட்டு, இடைத்தேர்தல்ல திரும்பவும் நிக்கிறேன். இந்தத் தடவை சம்பளம் வேணும்னு சொல்லிட்டு."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நீ உள்ள போறதுக்காக வெளிய வரியா, வெளிய வர்றதுக்காக உள்ள போறியா? எனக்கு ஒண்ணுமே புரியல."

"எனக்கும் முழுசாப் புரியலங்க. ஆனா வார்த்தையக் குடுத்தது தெருவுக்கு. செயலர்கிட்ட போய் அதைத் திருப்பி வாங்க முடியுமா? குடுத்தவங்ககிட்டயே கேக்கணும்."

"கேட்டா ஓட்டுப் போடுவாங்களா?"

கழுத்தில் இன்னும் தொங்கிய டேப்பை அவள் கழற்றிச் சுருட்டினாள். அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "தோத்துட்டா கடைதான், பேச்சு மாறக் கூடாது" என்றார். அவள் தலையாட்டினாள்.

ராஜினாமா கொடுத்த மறுநாள் காலையில் கடைக்கு முதல் ஆளாக வந்தவர் டீச்சர். முதன்முதலில் கைதட்டிய அதே டீச்சர். தைக்கக் கொடுத்த கோட்டு ரொம்ப நாளாகக் கிடந்து இப்போதுதான் முடிந்திருந்தது. போட்டுப் பார்த்துக் கையை மடக்கி நீட்டினார். தோளில் ஒரு சுருக்கம் இல்லை.

அக்கா குண்டூசிகளை டப்பாவில் போட்டு மூடினாள். "டீச்சர், நான் மறுபடி நிக்கிறேன். இந்தத் தடவை சம்பளம் வாங்கிக்குவேன். வாங்கினாத்தான் முழுசா வேலை பார்க்க முடியும். எனக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

டீச்சரின் முகம் சுருங்கியது. "என்னம்மா இது? உன்னை எவ்வளவு பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். கடைசில நீயும் காசுக்குத்தானா?"

டீச்சர் கழற்றிக் கொடுத்த கோட்டை அக்கா மடித்துப் பையில் போட்டு நீட்டினாள்.

"கூலி எவ்வளவு?"

"இருக்கட்டும் டீச்சர். ரொம்ப லேட் பண்ணிட்டேன். குடுக்க வேண்டாம்."

டீச்சருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. பர்சைத் திறந்து நோட்டுகளை எடுத்து மெஷின் மேல் பட்டென்று வைத்தார். "அதெப்படி? கண்ணு நோக, முதுகு நோகத் தச்சிருக்க. ஓசியில வேலை வாங்கிட்டுப் போனா எனக்கு ராத்திரி தூக்கம் வருமா? உழைச்சவங்க கூலியை யாரும் வேண்டாம்னு சொல்லக் கூடாது. சொன்னாலும் கேக்கக் கூடாது!"

அக்கா நோட்டுகளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், இதையே மைக்குல வந்து சொல்றீங்களா?"

"எதை?" என்றார் டீச்சர்.