மிதக்கும் தரை

அரங்கத்தின் இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ஊர் காணாமல் போய்விடும். வெளிச் சத்தத்தை உள்ளே விடாமல் நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கூரைக்குச் சற்றுக் கீழே நீளமான கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அதில் மேம்பாலத்து ரயில் போவது தெரியும். ஜன்னலோரம் கொட்டாவி விடுகிறவர்களின் முகம்கூடத் தெரியும், ஆனால் துளிச் சத்தம் வராது. கனவில் ரயில் பார்ப்பது மாதிரிதான். வேலையை விட்டுவிட்டு நானே பல நாள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சத்தம் என்றாலே எனக்கு ஆகாது. இங்கே வேலை செய்கிறவர்கள் எனக்கு 'உஷ் மேடம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு! நடன மேடையின் பலகைத் தரை கட்டடத்தைத் தொடாமல் ரப்பர் கட்டைகளின் மேல் மிதக்கிறது. ரயிலின் அதிர்வு அந்த ரப்பரோடு நின்றுவிடும். கீழ்த்தளத்தில் நூலகம். டிரம் சத்தம் தலையில் வந்து இடிக்கும் என்று நூலகர் அம்மா என்னைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டார். அதனால் டிரம்காரருக்கு மட்டும் மேடையோரம் தனியாக ஒரு திட்டு போட்டு, அதற்கு அடியிலும் தடித்த ரப்பர் வைத்தேன். அளந்து பார்த்தால் கீழே ஒன்றுமே இல்லை. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திறப்பு விழாவில் ஆடப்போவது என் அக்காவின் குழு. முழங்கால் வலியால் வெகுநாள் ஒதுங்கியிருந்துவிட்டு, நடுவில் நின்று ஆட இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். அதுவும் தங்கை கட்டிய அரங்கில். பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை சொதப்பியது. பழைய கூடத்தில் அச்சுப் பிசகாமல் ஆடியவள், இங்கே ஒன்று முந்தினாள், இல்லை பிந்தினாள். குழுத் தலைவி கையைத் தட்டி நிறுத்தினாள்.

"சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை பார்க்கலாம். அப்பவும் சரிவரலைன்னா பின்வரிசைச் சின்னப் பொண்ணை நடுவுல விட்டுடறேன். தப்பா நினைக்காதே."

அக்கா அவள் வாயையே பார்த்தபடி தலையாட்டினாள். எல்லோரும் வெளியே போனார்கள்.

"உனக்கு என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"உன் ஹால்ல உயிரே இல்லைடி. செத்த இடம்."

வந்ததே எனக்குக் கோபம்! "பின் விழுந்தாக்கூட கடைசி வரிசைக்குக் கேக்கும், செத்த இடமாம்! தாளம் விட்டது நீ, பழி என் சுவர் மேலயா?"

அவள் மேடை நடுவில் போய் நின்றாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

மத்தியான வெயில் சாய்வாக இறங்கியிருந்தது. அதில் தூசி மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. ஒரு ரயில் போயிற்று, புறாக்கள் பறந்தன, எதற்கும் சத்தமில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா கைகளை விரித்தாள், மடக்கினாள், ஒரு சுற்று சுற்றினாள். தண்ணீருக்கு அடியில் யாரோ ஆடுவது போல இருந்தது. பார்க்கப் பார்க்க என் கோபம் கரைந்துவிட்டது. பாவம், அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

"அக்கா," என்றேன். திரும்பவில்லை. "அக்கா, சும்மா சொன்னேன்க்கா." அசையவில்லை. "அக்கா!" என்று கத்தினேன். என் குரல் நாலு சுவரையும் தொட்டுவிட்டுத் தெளிவாக என்னிடமே வந்தது. அவள் தோள்கூட அசையவில்லை.

அதற்குள் டிரம்காரர் வந்து உட்கார்ந்து, சும்மா தட்ட ஆரம்பித்தார். அக்கா சுற்றி வரும்போது அவரைப் பார்த்தாள். மெதுவாக நடந்துபோய், வெறுங்காலை அவருடைய திட்டின் மேல் வைத்தாள். கண்ணை மூடினாள். முகம் மலர்ந்தது, உதடு தாளத்தை எண்ணியது. காலை எடுத்து மேடைத் தரையில் வைத்தாள். முகம் விழுந்துவிட்டது. மறுபடி திட்டில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அவள் வைக்கிற டிவி அலறும், குறைக்கச் சொல்லி நான் கத்துவேன். யாரையும் பேசவிடாமல் அவளே ஓயாமல் பேசுவாள், வயதாக ஆக வாய் நீண்டுவிட்டது என்று கேலி செய்வேன். ஊர்ச் சத்தத்தையெல்லாம் அளக்கிறவளுக்கு ஒரே வீட்டில் இருப்பவளின் காது தெரியவில்லை. நானெல்லாம் ஒரு நிபுணர்! தூ!

ஓடிப்போய் அவள் எதிரில் நின்றேன். "எப்போலேர்ந்துக்கா?"

உதட்டைப் படித்துவிட்டாள். சிரித்தாள். "கொஞ்சம் கொஞ்சமாதான். முதல்ல குருவி போச்சு, அப்புறம் காலிங் பெல். நீதான் தொண்டை கிழியக் கத்துவியே, உன்னை மட்டும் ரொம்ப நாள் கேட்டுது."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஆட விடுவாங்களா? பழைய கூடத்துல டிரம் தரையோட வரும்டி. கால்ல வாங்கிப்பேன். இங்க ஒண்ணுமே வரலை. யார்கிட்டயும் சொல்லிடாதே, உன் காலைப் பிடிக்கிறேன்."

சொல்லிவிட்டுத்தான் டிரம்காரரைக் கவனித்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைப் பார்க்காதீங்கம்மா. நான் எதுவும் கேக்கலை," என்றார், உதடு நன்றாகத் தெரியும்படி.

மூன்று பேருமாக டிரம்மைத் திட்டிலிருந்து இறக்கி, நடனத் தரையிலேயே வைத்தோம். குழுத் தலைவி திரும்பி வந்து, "இதென்ன, இங்க நகர்ந்திருக்கு?" என்றாள்.

"ஒலி அமைப்புக்காக. இங்கதான் இருக்கணும்," என்றேன். நான் அந்தக் குரலில் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். கீழே கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். நூலகர் அம்மா சண்டைக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

டிரம் அதிர்ந்தது. பலகை நடுங்குவது தெரிந்தது. அக்கா ஒரு கணம் நின்று, பிறகு ஆடினாள். நடுவில் நின்று, ஒன்றும் முந்தாமல், ஒன்றும் பிந்தாமல். மேலே ஜன்னலில் ரயில் போனதை நான் பார்க்கவே இல்லை. முடிந்ததும் குழுத் தலைவி, "நடுவுல நீயே இரு," என்று மட்டும் சொன்னாள். அக்கா அதையும் அவள் வாயிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூந்தலை முடிந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி, காலால் தரையை ஓங்கித் தட்டினேன்.

அக்கா திரும்பினாள். "என்னடி?"

சொல்ல ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன்.